ஒகாபி... சத்தமே பிடிக்காத காட்டு விலங்கு, உயிரியல் பூங்காவில் எப்படி வாழ்கிறது?

வரிக்குதிரையின் கால்கள், ஒட்டகச்சிவிங்கியின் முகம், குதிரையின் உடம்பு. இந்த விலங்கின் படத்தை முதல்முறை பார்க்கிற யாருக்கும், 'இது ஏஐ-ல செஞ்ச படம்தானே?' என்ற சந்தேகம் வரும். நிஜ விலங்குதான். பெயர், ஒகாபி. காங்கோ ஜனநாயகக் குடியரசின் மழைக்காடுகளைத் தவிர, உலகின் வேறு எந்தக் காட்டிலும் இன்று இது இல்லை.

'காட்டு விலங்கை எதுக்குப் பிடிச்சு அடைச்சு வைக்கணும்?' என்று கேட்பவரா நீங்கள்? நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியோடயே ஒகாபியின் கதையைப் படியுங்கள். இரண்டு பக்கமும் யோசிக்க விஷயம் இருக்கு.

குதிரை என்று நினைத்தார்கள்!

இட்டூரி காட்டில் வாழும் முபுட்டி மக்களுக்கு ஒகாபி தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விலங்கு. ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்குத்தான் 1900 வரை பிடிபடவில்லை. உகாண்டாவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஹாரி ஜான்ஸ்டன், அதன் தோல் துண்டுகளை லண்டனுக்கு அனுப்பினார். வரிகளைப் பார்த்ததும், 'இது ஒரு வகை வரிக்குதிரை' என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு முழுத்தோலும் மண்டையோடும் போய்ச் சேர்ந்தபோதுதான் குட்டு உடைந்தது. அது ஒட்டகச்சிவிங்கியின் சொந்தக்காரர்! 1901-ல் அதற்கு 'ஒகாபியா' என்ற தனிப் பேரினமே கொடுத்தார்கள்.

உடம்பு முழுக்கக் காட்டுக்கான டிசைன்

ஒகாபியின் எடை 200 முதல் 350 கிலோ. தோள் வரை உயரம் சுமார் ஒன்றரை மீட்டர். இவ்வளவு பெரிய உருவம் சில அடி தூரத்தில் நின்றாலும் கண்ணில் படாது. அரையிருட்டான காட்டில், கருஞ்சிவப்பு உடம்பும் பின்பக்க வெள்ளை வரிகளும் இலை நிழலோடு கலந்துவிடும். ரோமத்தில் எண்ணெய்ப்பசை இருப்பதால் மழை ஒட்டாது, வழிந்தோடிவிடும். இலையைச் சுற்றி இழுக்கும் நீள நாக்கால் தன் கண்ணையும் காதையும்கூட நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்.

காதுகள்தான் இதன் பெரிய ஆயுதம். சிறுத்தை வரும் ஓசையை முன்கூட்டியே கேட்டாகணும். தாயும் குட்டியும் நம் காதுக்கே எட்டாத, 20 ஹெர்ட்ஸுக்கும் குறைவான ஒலியில் பேசிக்கொள்வதையும் ஆய்வாளர்கள் கருவிகளால் பதிவு செய்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட காதுகளோடு, கூட்டமும் கூச்சலுமான ஒரு நகரத்துக்கு நடுவில் வாழ்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆரம்பகாலம்... சோகம்தான்

முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் உயிரியல் பூங்காவுக்கு முதல் ஒகாபி வந்தது. சில வாரங்களிலேயே இறந்துபோனது. அடுத்த பல ஆண்டுகளுக்கும் இதே நிலைமைதான். குழியில் விழவைத்துப் பிடித்து, ரயில், படகு, கப்பல் என்று நாள்கணக்கில் கொண்டுபோனார்கள். காட்டில் இருக்கும்போது பெரிதாகத் தொல்லை தராத குடல் புழுக்கள், பயத்தாலும் பயணத்தாலும் உடல் பலவீனமானதும் ஆளையே சாய்த்தன. வழியிலேயே இறந்தவை பல.

1954-ல்தான், அதே ஆன்ட்வெர்ப்பில், ஒரு ஒகாபி பூங்காவில் முதன்முறையாகக் குட்டி போட்டது. மெல்ல மெல்ல இனப்பெருக்கம் கைகூடியது. இன்று பூங்காக்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அங்கேயே பிறந்து வளர்ந்தவைதான்.

இப்போது எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?

தனி வீடு: ஒகாபி கூட்டமாக வாழாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனி முற்றம். ஜோடி சேரும் காலத்தில் மட்டும் நடுக்கதவைத் திறந்துவிடுவார்கள்.

இலைச் சாப்பாடு: காட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களின் இலை, தளிரைத் தின்னும். உப்புச்சத்துக்காக ஆற்றங்கரைக் களிமண்ணையும், எரிந்த மரத்தின் கரியையும்கூடத் தின்னும். பூங்காவில் குதிரைமசால் தீவனம், அன்றன்று வெட்டிய மரக்கிளைகள், சத்து சேர்த்த தீவன உருண்டைகள் கிடைக்கும்.

பயிற்சி: குளம்பைச் சீவணும், ரத்தம் எடுக்கணும், ஸ்கேன் பார்க்கணும் என்றால் முன்பெல்லாம் மயக்க ஊசி போடவேண்டியிருக்கும். இப்போது இலையைப் பரிசாகக் கொடுத்து, தானாகவே வந்து அசையாமல் நிற்கப் பழக்குகிறார்கள்.

அமைதி: இதுதான் ரொம்பக் கஷ்டம். 1994-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பூங்காவில் ஓர் ஒகாபி இறந்தது. பக்கத்துப் பூங்காவில் நடந்த ஓபரா ஒத்திகைச் சத்தம் தந்த மன அழுத்தமே காரணம் என்று அப்போது செய்தி வெளியானது. பார்வையாளர்கள் பார்வையிலிருந்து ஒதுங்கிக்கொள்ள மறைவிடம் வைப்பதும், கட்டட வேலைச் சத்தம் எட்டாமல் பார்த்துக்கொள்வதும் இங்கே மருத்துவம் மாதிரியே முக்கியம்.

குட்டி பிறந்தால் கேமராதான் காவல்!

கர்ப்பகாலம் 14 முதல் 15 மாதங்கள். குட்டி பிறந்து அரை மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும். ஒன்றிரண்டு நாள் அம்மாவோடு சுற்றிவிட்டு, புதர் மறைவில் ஒரு இடத்தைப் பிடித்துப் படுத்துக்கொள்ளும். ஏறத்தாழ இரண்டு மாதம் அதுதான் வீடு. பால் குடிக்க மட்டுமே எழும். இதில் பெரிய ஆச்சரியம், முதல் நான்கு முதல் எட்டு வாரங்களுக்குக் குட்டி சாணமே போடாது! வாடை வந்தால் சிறுத்தை மோப்பம் பிடித்துவிடுமே... அதற்கான ஏற்பாடு.

பூங்காக்கள் இதற்காகவே இருட்டான ஒரு மூலையை ஒதுக்கி, கேமரா வழியாகத்தான் கவனிக்கின்றன. உள்ளே போய்த் தொந்தரவு செய்தால் குட்டி சீக்கிரமே சாணம் போட்டுவிடலாம், தாயும் பதற்றமாகிவிடும்.

எந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஜோடி சேர்ப்பது என்பதும் அந்தந்தப் பூங்காவின் இஷ்டம் இல்லை. உலகப் பூங்காக்களில் இருக்கும் ஒவ்வொரு ஒகாபியின் வம்சாவளியும் ஆன்ட்வெர்ப் பராமரிக்கும் பதிவேட்டில் இருக்கு. நெருங்கிய ரத்த சொந்தங்கள் ஜோடி சேராமல் இருக்க, அதைப் பார்த்துத்தான் விலங்குகளை நாடு விட்டு நாடு அனுப்புகிறார்கள்.

எபுலுவில் அந்த நாள்

'இதெல்லாம் காட்டிலேயே செய்யலாமே?' என்று கேட்கலாம். செய்தார்கள். காங்கோவில் 1992-ல் ஒகாபி வனவிலங்குக் காப்பகம் உருவானது. 1996-ல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யக் களமானது. மறு ஆண்டே உள்நாட்டுப் போரால் 'ஆபத்தில் இருக்கும் களங்கள்' பட்டியலில் சேர்ந்தது. அதன் தலைமையிடமான எபுலுவில் 14 ஒகாபிகளை வளர்த்துவந்தார்கள். தங்கள் காட்டு விலங்கை உள்ளூர்க் குழந்தைகள் நேரில் பார்த்தது அங்கேதான்.

2012 ஜூன் 24. யானைத் தந்த வேட்டையையும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களையும் வனக்காவலர்கள் தடுத்த கோபத்தில், ஆயுதக் கும்பல் ஒன்று எபுலுவைத் தாக்கியது. வனக்காவலர்கள் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். 13 ஒகாபிகளைச் சுட்டுக் கொன்றார்கள். காயத்தோடு மிஞ்சிய ஒன்றும் பிறகு இறந்துவிட்டது. 2013-ல் ஒகாபி 'அழியும் ஆபத்தில் உள்ள இனம்' என்று அறிவிக்கப்பட்டது.

அப்படி ஒரு நாள் மறுபடி வந்தாலும் இந்த இனம் பூண்டோடு போய்விடாமல் இருக்க, பூங்காக்களில் பிறந்த ஒகாபிகள் ஒரு காப்பீடு. அதேசமயம், திரும்பிப் போக ஒரு காடு இல்லாவிட்டால் அந்தக் காப்பீட்டுக்கு அர்த்தம் இல்லை. அதனால்தான் ஒகாபி வளர்க்கும் பூங்காக்கள் பலவும், 1987-ல் தொடங்கிய ஒகாபி பாதுகாப்புத் திட்டத்துக்கு நிதி தருகின்றன. வனக்காவலர்களுக்கு உதவி, கிராம மக்களுக்கு விவசாயப் பயிற்சி என்று அந்தப் பணம் இட்டூரிக்கே போகிறது. ஒரு பூங்கா நல்ல பூங்காவா என்று தெரியணுமா? 'விலங்கின் சொந்தக் காட்டுக்கு நீங்க என்ன செய்றீங்க?' என்று கேளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

காங்கோவின் காடுகளில் தங்கத்தோடு கோல்டன் என்ற தாதுவையும் தோண்டுகிறார்கள். அதிலிருந்து எடுக்கும் டான்டலம் உலோகம், போன்களில் இருக்கும் குட்டிக் குட்டி மின்தேக்கிகளுக்குப் போகிறது. எல்லா போனுக்கும் இந்தக் காட்டுக் கனிமம் போவதில்லைதான். ஆனா, நன்றாக ஓடும் போனை இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்வதும், பழையதை மேஜை டிராயரில் போட்டு வைக்காமல் மறுசுழற்சிக்குக் கொடுப்பதும் நம்மால் முடியும்.

ஆன்ட்வெர்ப், லண்டன், சான் டியாகோ பக்கம் எப்போதாவது போனால் ஒகாபியை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். ஃபிளாஷை ஆஃப் பண்ணிடுங்க, குரலையும் குறைச்சுக்கோங்க. வெளிநாடு போகிற பிளான் இல்லையா? அக்டோபர் 18, உலக ஒகாபி தினம். அன்றைக்கு உங்கள் ஸ்டேட்டஸில் ஒரு ஒகாபி படத்தைப் போடுங்கள். 'ஏஐ படமா?' என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். இந்தக் கதையைச் சொல்லுங்கள்.