பீச் ரோட்டில் ஓர் ஆய்வகம்

கஞ்சா பிடிபட்டது என்று பேப்பரில் படித்தால் நமக்குப் போலீஸ்தான் நினைவுக்கு வருகிறது. பிடிபட்ட பொட்டலத்தில் இருப்பது கஞ்சாதான் என்று கோர்ட்டில் சொல்ல வேண்டியவர்கள் வேறு: மயிலாப்பூர் காமராஜர் சாலையில், அதாவது நம் பழைய பீச் ரோட்டில், இருக்கும் தடயவியல் துறையினர்.

இதன் வேர் 1849-ஆம் ஆண்டு. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் சென்னை ராஜதானியில்தான் தொடங்கியது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் பிறகுதான். அன்றைய கவலை விஷம் வைத்துக் கொல்வது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்கப் பரவியது. போலீசுக்குக் கள்ளச்சாராயமே பெரிய வேலையாயிற்று.

போதைப்பொருளுக்கென்று கடுமையான சட்டம் 1985-இல்தான் வந்தது. இன்று 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் 10 முதல் 20 ஆண்டு சிறை. இத்தனை பெரிய தண்டனை, சில கிராம் மாதிரியின் பரிசோதனை அறிக்கையை நம்பி நிற்கிறது. அறிக்கை தாமதமானால் வழக்கும் இழுக்கும்.

அடையாறிலும் தி.நகரிலும் ரோந்து போதவில்லை என்கிறோம். நியாயம்தான். அந்த ஆய்வகத்துக்கும் ஆளும் கருவியும் போதுமா என்றும் கேட்போம்.