இது என்ன பூ?



ஊரில் எருக்கலை, ஆவரசு, தும்பை என்று பெயர் சொல்லித்தர அம்மம்மா இருந்தார். இங்கே ஒன்ராறியோவில் மே மாதக் காட்டுப் பாதையோரம் மூன்று இதழுள்ள இளஞ்சிவப்புப் பூவொன்றைக் காட்டி, "இது என்ன பூ அப்பா?" என்று மகள் கேட்டபோது நான் விழித்தேன். நல்ல கைநூல் ஒன்றைத் தேடப் போய்த்தான் கதரின் பார் ட்ரெயில் அம்மையாரைப் பற்றி அறிந்தேன்.

அவர் 1832இல் இங்கிலாந்திலிருந்து இங்கு குடிவந்தவர். அவருக்குக் கிடைத்தது பேர்ஷ் என்பவரின் தாவரநூல் ஒன்றுதான். அதுவும் இரவல். பெரும்பகுதி லத்தீன் மொழி, கணவரிடம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டார். புரியாத மொழியில் படிவம் நிரப்பிய எங்களுக்கு அந்தச் சங்கடம் தெரியாததல்ல. பெயர் தெரியாத பூக்களுக்குத் தாமே பெயர் சூட்ட உரிமை உண்டென்று 1836இல் வெளிவந்த நூலில் எழுதினார். துணிச்சல்காரிதான்!

1868இல் மொன்றியலில் அவரது 'கனடியக் காட்டுப் பூக்கள்' வெளிவந்தது. படங்கள் தங்கை மகள் அக்னெஸ் ஃபிட்ஸ்கிப்பனுடையவை. 1865இல் கணவரை இழந்து பிள்ளைகளோடு நின்ற அக்னெஸ், கல்லச்சுக் கலையைத் தாமே பழகினார். 10 படத் தாள்கள், 500 பிரதிகள். அத்தனைக்கும் கையாலேயே வர்ணம் தீட்டப்பட்டது. அழகான நூல், ஆனால் காட்டுக்குள் கொண்டுபோக முடியாது.

கொண்டுபோகக்கூடியவை பிறகு வந்தன. பீற்றர்சனும் மக்கென்னியும் 1968இல் வெளியிட்ட நூல் பூக்களை நிறவாரியாகப் பிரிக்கிறது. புதிதாகப் பழகுபவருக்கு அது இலகு. ஆனால் நிறம் ஏமாற்றும். காட்டுப் பார்ஸ்னிப்பும் மஞ்சள், கோல்டன் அலெக்சாண்டர்ஸும் மஞ்சள். முதலாவதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் போடும், மற்றது அப்படியல்ல. இலையைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். பூப் பறிக்கும் பிள்ளைகள் இலையை எங்கே பார்க்கிறார்கள்?

லோறன்ஸ் நியூகொம் 1977இல் வெளியிட்ட நூல் அதைப் பார்க்க வைக்கிறது. பூவின் அமைப்புக்கு ஓர் இலக்கம், இலைகள் தண்டில் நிற்கும் விதத்துக்கு ஒன்று, இலையின் வடிவத்துக்கு ஒன்று. மூன்றும் சேர்ந்த எண்ணைத் தேடினால் பக்கம் கிடைக்கும். நான் அதைத்தான் வாங்கினேன்.

அடுத்த கிழமை மகளோடு அதே இடத்துக்குப் போனேன். மூன்று இதழ், தண்டைச் சுற்றி இலைகள், பிளவில்லாத ஓரம்: 342. 1937 முதல் ஒன்ராறியோவின் சின்னமாக இருக்கும் வெள்ளை ரில்லியம்தான் அது. வயது போனால் இளஞ்சிவப்பாகிவிடுமாம்.