கோரா கேட்ட தண்ணீர்

1947-ஆம் ஆண்டுக்கு முன்பு வட இந்திய ரயில் நிலையங்களில் வண்டி நின்றதும் இரண்டு குரல்கள் எழும். ஒருவர் ‘இந்து பானி’ என்று கூவிக்கொண்டு போவார். மற்றொருவர் ‘முஸல்மான் பானி’ என்று கூவிக்கொண்டு வருவார். பானை வேறு, வார்க்கும் கை வேறு. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காக வடக்கே வந்த நம் முன்னோரும் ஜன்னல் வழியாகச் செம்பை நீட்டும்போது எந்தக் குரலுக்கு நீட்டுவது என்று தயங்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். அவர்களைத் தீயவர் என்று எவ்வாறு சொல்வது? உடன் பயணம் செய்த குழந்தை அழுதால் பண்டத்தில் பாதியைக் கொடுத்தவர்கள் அவர்கள். முன்பின் அறியாத நோயாளிக்கு இடம் விட்டு நின்று வந்தவர்கள். எனினும் தண்ணீர் மட்டும் யார் கையினின்றும் வாங்கலாகாது.

உள்ளத்தில் நல்லவராயும் வழக்கத்தில் குறுகியவராயும் உள்ள இத்தகைய மனிதரை இந்திய நாவல் எவ்வாறு எதிர்கொண்டது என்பது நம் இலக்கிய வரலாற்றில் ஒரு சுவையான பகுதி. அதில் நடுநாயகமாக விளங்குவது இரவீந்திரநாத தாகூர் எழுதிய ‘கோரா’ என்னும் வங்க நாவல். தண்ணீரில் தொடங்கித் தண்ணீரிலேயே முடிகிற கதை என்றும் அதனைச் சொல்லலாம்.

‘கோரா’ 1907 முதல் 1910 வரை ‘பிரவாசி’ என்னும் மாதப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, 1910-இல் நூலாயிற்று. பிரவாசி என்ற சொல்லுக்குச் சொந்த மண்ணை விட்டு வெளியிடத்தில் வாழ்பவன் என்று பொருள். அலகாபாத்தில் வாழ்ந்த இராமானந்த சட்டர்ஜி என்ற வங்காளி 1901-இல் அதனை அங்கிருந்து தொடங்கியமையால் அப்பெயர் பெற்றது. வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு அந்தப் பெயர் சற்று நெருக்கமாகவே ஒலிக்கும். கதையின் மூலமும் அத்தகைய ஒரு குடும்பமே. இராணுவ உணவு இலாகாவில் வேலை பார்த்து, வங்காளத்துக்கு வெகு தொலைவில் இடாவா நகரில் வாழ்ந்த கிருஷ்ணதயாள் என்பவரின் வீட்டில்தான் கோரா பிறக்கிறான்.

கௌரமோகன் என்பது அவன் முழுப்பெயர், செல்லமாகக் கோரா. இந்துஸ்தானி பேசும் ஊர்களில் ‘கோரா’ என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய் என்று பொருள்படும் என்பதை நம் நேயர்கள் அறிவார்கள். ஆசிரியர் அந்த ஒரு சொல்லிலேயே கதையின் இரகசியத்தை ஒளித்து வைத்துவிட்டார். தமிழில் பெயர்க்கும்போது இந்த இரட்டைப் பொருளைக் காப்பாற்ற வழியே இல்லை.

இளமையில் கோரா பிரம்ம சமாஜத்தின்பால் ஈடுபாடு கொண்டவன். கேசவ சந்திர சேனரின் சொற்பொழிவுகளில் மயங்கியவன். பிறகு ஓர் ஆங்கிலப் பாதிரியார் இந்து சமயத்தையும் சமூகத்தையும் இழித்துப் பத்திரிகையில் எழுதுகிறார். கோராவுக்குச் சினம் மூளுகிறது, மறுத்து எழுதுகிறான். வாதத்துக்காகத் தேடிய நியாயங்கள் நாளடைவில் அவனையே பற்றிக்கொள்கின்றன. தன் நாட்டில் உள்ளது எதுவாயினும் அதற்காக அந்நியன் முன் நாணுவதில்லை என்பது அவனது விரதமாகிறது. நெற்றியில் கங்கை மண், முரட்டு வேட்டி, குடுமி. யாரும் ஏளனம் செய்ய வேண்டும், தான் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவனைப்போல் நடமாடுகிறான்.

ஆகவே அவனுடைய ஆசாரம் பேராசையினின்றோ ஆணவத்தினின்றோ பிறந்தது அன்று; அவமதிக்கப்பட்ட மக்களிடம் கொண்ட அன்பினின்று பிறந்தது. கோச்சு வண்டியில் சென்ற ஒரு சீமான், கூடை சுமந்து வந்த முஸ்லிம் கிழவரைச் சாட்டையால் அடிக்கிறான். தெருவில் சிதறிய காய்களையும் ரொட்டியையும் குனிந்து பொறுக்கிக் கூடையில் நிரப்புகிறவன் இதே கோராதான். நீராவிக் கப்பலில் சேற்றில் வழுக்கி விழும் ஏழை யாத்திரிகர்களைக் கண்டு மேல்தட்டில் நின்று நகைத்த படித்த வங்காளியை நேரில் சென்று கண்டிக்கிறவனும் அவனே.

ஆனால் அவன் வீட்டில் லச்மியா என்ற கிறிஸ்தவப் பணிப்பெண் இருக்கிறாள். கோராவை வளர்த்தவள். அவனுக்கு அம்மை கண்டபோது இரவு பகலாகப் பணிவிடை செய்து உயிரை மீட்டவள். அவள் தாயின் அறையில் புழங்குகிறாள் என்ற காரணத்தால் கோரா தன் தாய் ஆனந்தமயியின் அறையில் உண்பதில்லை; தண்ணீரும் பருகுவதில்லை; தன் உயிர்த்தோழன் வினயனையும் அங்கே உண்ணவிடுவதில்லை. நன்றி மறந்தவனா என்றால் அதுவும் இல்லை. அவளுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம், நிலம் வாங்கித் தரலாம், வீடு கட்டித் தரலாம், இங்கே வைத்துக்கொள்வது மட்டும் ஆகாது என்கிறான். எல்லாக் கடனையும் பணத்தால் தீர்க்க முடியுமா என்று தாய் கேட்கிறாள். நிலமும் வீடும் அவளுக்கு எதற்கு, உன் முகத்தைக் காணாவிட்டால் அவள் செத்துப்போவாள் என்கிறாள். கோராவிடம் அதற்கு விடை இல்லை. ஆயினும் விதி தளரவில்லை.

அக்காலத்துச் சீர்திருத்த எழுத்தாளர் பலருக்கு ஆசாரக்காரர் என்றால் எள்ளி நகையாட ஒரு பொம்மை. விதிவிலக்காக மலையாளத்தில் ஒ. சந்துமேனோன் 1889-இல் வெளியிட்ட ‘இந்துலேகா’வில் வரும் பஞ்சுமேனோனைச் சொல்லலாம். குடும்பச் செலவில் ஒரு சிறுவனை ஆங்கிலம் படிக்க வைக்கும் தகராறில் சினந்து, தன் பேத்தியை மாதவனுக்குக் கொடுப்பதில்லை என்று சத்தியமே செய்துவிடும் முன்கோபி அவர். பேத்தி வாடுவதைக் கண்டதும் சத்தியத்துக்குப் பிராயச்சித்தம் தேட ஓடுகிறவரும் அவரே. சிரிப்பூட்டும் கிழவர், ஆனால் நாம் வெறுக்க முடியாத கிழவர். தாகூர் செய்தது இதனினும் துணிகரமானது. குறுகிய வழக்கமுடைய ஒருவனை ஓரத்தில் நிற்கும் தாத்தாவாக வைக்காமல் கதாநாயகனாகவே ஆக்கினார்.

அதனை அவர் எழுதியது வியப்புக்குரியது. ஜோராசங்கோ தாகூர் குடும்பத்தார் ‘பிராலி’ பிராமணர் எனப்பட்டவர்கள். என்றோ முஸ்லிம்களுடன் ஏற்பட்ட தொடர்பால் தீட்டுப்பட்டவர்கள் என்று கூறி, வைதிக பிராமணர் அவர்களோடு உண்பதும் இல்லை, பெண் கொள்வதும் இல்லை. பந்தியில் தள்ளிவைக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை, தள்ளிவைத்த தரப்பைச் சேர்ந்த ஒருவனை இவ்வளவு பரிவோடு படைத்தார்.

காலமும் அவரை உந்தியது. 1905 அக்டோபர் 16-ஆம் நாள் வங்காளம் பிரிக்கப்பட்டது. அன்று தாகூர் தெருவில் இறங்கி இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி ராக்கி கட்டினார். ஆனால் இரண்டே ஆண்டுகளில் இயக்கத்தினின்றும் ஒதுங்கினார். அந்நாட்களை நினைத்துப் பின்னர் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். ஓர் இந்து சுதேசிப் பிரசாரகர், தாம் ஒரு குவளை தண்ணீர் குடிப்பதற்காக, உடன் உழைத்த முஸ்லிம் தோழரைத் திண்ணையை விட்டு இறங்கச் சொன்னாராம். சொல்வதற்குச் சிறிதும் கூசவில்லையாம். அப்பிரசாரகர் நாட்டுக்காகச் சிறை செல்லவும் ஆயத்தமாக இருந்திருக்கக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது. கோரா அவருக்கு உடன்பிறந்தவன்.

நாவலின் உயிரான இடம், என் கருத்தில், சர் கோஷ்பூர் என்ற கிராமத்தில் இருக்கிறது. நாட்டைக் காண நண்பர்களுடன் நடைப்பயணம் புறப்பட்ட கோரா, கடைசியில் ரமாபதி ஒருவனோடு அங்கு வந்து சேர்கிறான். முஸ்லிம்கள் வாழும் ஊர். ஒரே ஓர் இந்து நாவிதர் குடும்பம். அவுரிச் சாயத் தொழிற்சாலைக்காரர்களை எதிர்த்து நின்றமையால் ஊர்த் தலைவர் சிறையில் இருக்கிறார். போலீசாரின் கொடுமை தாங்காமல் ஊரே நடுங்கிக் கிடக்கிறது. சிறை சென்றவரின் மகனை நாவிதரும் அவர் மனைவியும் தம் பிள்ளையாக வளர்த்து வருகிறார்கள். முஸ்லிம் பிள்ளை வளரும் வீடாயிற்றே! ரமாபதிக்கு நா வறள்கிறது. ஆயினும் அங்கே தண்ணீர் குடிக்க மனம் இல்லை. அருகில் பிராமணர் வீடு உண்டா என்று விசாரிக்கிறான். உண்டு, சற்றுத் தொலைவில் மாதவ சட்டர்ஜி என்பவர் இருக்கிறார். அவர் அதே அவுரித் தொழிற்சாலையின் தாசில்தார்.

இருவரும் புறப்படுகிறார்கள். உச்சி வெயில், சுடு மணல். போகும் வழியில் கோராவின் மனத்தில் ஒரு கேள்வி எழுந்து அவனை நடக்கவிடாமல் செய்கிறது. ஊரைக் கொள்ளையடிப்பவன் வீட்டுச் சோறு தூயதாம். கொடுமையைத் தாங்கிக்கொண்டு அநாதைப் பிள்ளையைக் காப்பவன் வீட்டுத் தண்ணீர் தீட்டாம்! ரமாபதியைப் போகச் சொல்லிவிட்டுக் கோரா திரும்புகிறான். நாவிதர் வீட்டுச் செம்பைத் தானே நன்றாகத் தேய்த்து, கிணற்று நீரை மொண்டு குடிக்கிறான். அரிசி பருப்பு வாங்கித் தானே சமைத்து உண்கிறான். செம்பைத் தேய்க்கும் அந்தச் சிறு செயலைத் தாகூர் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விதியை உதறிவிட்டு வந்த கணத்திலும் கை பழைய வழக்கத்தையே செய்கிறது.

இங்கே மொழிபெயர்ப்பாளனுக்கு ஓர் இடர். வங்காளத்தில் இந்துக்கள் ‘ஜல்’ என்பார்கள், முஸ்லிம்கள் ‘பானி’ என்பார்கள். சொல்லைக் கேட்டே சமூகத்தை அறியலாம். தமிழில் ‘தண்ணீர்’ என்று எழுதினால் அது மறைந்துவிடுகிறது. ‘ஜலம்’ என்று எழுதினால் வேறு ஒரு பேதம் வந்து நுழைகிறது; அது நம்முடையது, அதனை விளக்கத் தேவையில்லை.

பிறகு நிகழ்வனவற்றை விரைந்து சொல்லலாம். குளத்து நீரில் துணி நனைத்துக் காயத்துக்குக் கட்டுப்போட்ட மாணவர்களைப் போலீசார் தாக்க, கோரா குறுக்கிட்டு ஒரு மாதக் கடுங்காவல் பெறுகிறான். வக்கீல் வேண்டாம் என்கிறான். அந்த மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் தன் நாட்டு மக்களையே இழித்துப் பேசி நற்பெயர் தேடும் ஹாரான் பாபுவோ சாதியை வெறுக்கும் பிரம்ம சமாஜி, சீர்திருத்தவாதி. கொள்கை சரியாயிருந்தும் நெஞ்சம் சிறுத்துப்போன மனிதர். தாகூர் இந்த இருவரையும் ஒரே கதையில் நிறுத்தியது தற்செயல் அன்று.

சிறையிலிருந்து மீண்ட கோரா, சிறைத் தீட்டு நீங்கப் பிராயச்சித்தத்துக்கு ஏற்பாடு செய்கிறான். நாவிதர் கிணற்றில் குடித்தவனேதான்! மனிதர் மாறுவது நேர்கோட்டில் அன்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட முடியாது. கிருஷ்ணதயாள் அச்சடங்கைத் தடுக்கிறார். இளமையில் குடியும் புலாலுமாய்த் திரிந்து முதுமையில் கடும் ஆசாரக்காரரான அவர், கோராவைத் தம் பூஜையறைப் பக்கமே விடுவதில்லை. காரணம் கடைசியில் தெரிகிறது. 1857-ஆம் ஆண்டுப் புரட்சியில் கணவனை இழந்து அவர் வீட்டில் தஞ்சம் புகுந்து, பிள்ளையைப் பெற்றதும் இறந்த ஓர் அயர்லாந்துப் பெண்ணின் மகன் கோரா. நோயுற்றுச் சாவை அஞ்சிய கிருஷ்ணதயாள், அந்நியன் கையால் தமக்கு ஈமக்கடன் நடந்துவிடக்கூடாதே என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். அக்குழந்தையை மடியில் ஏந்திய நாளிலேயே ஆனந்தமயி சாதி ஆசாரத்தை விட்டுவிட்டாள் என்பதும், அந்த இழப்பைத்தான் மகன் இத்தனை காலம் குறையாக எண்ணினான் என்பதும் அப்போது விளங்குகின்றன.

இக்கதையை ஷிலைதஹத்தில் தாகூர் நிவேதிதைக்குச் சொன்னபோது, முடிவு வேறாக இருந்தது. கோரா அந்நியன் என்றறிந்து சுசரிதா அவனை மறுத்துவிடுவதாகச் சொன்னாராம். அயர்லாந்தில் பிறந்து இந்தியாவுக்கே தம்மை ஈந்த அம்மையார் கடுஞ்சினம் கொண்டார். நூலில் முடிவு மாறியது. இதனைத் தாகூரே பின்னர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பிறப்பின் இரகசியத்தால் கோரா விடுதலை பெறுவது எளிதான வழி என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் பாதியை நான் ஒப்புக்கொள்வேன். தான் பிராமணன் அல்லன் என்று தெரிந்தபின் விதியை விடுவது பெரிதன்று. பிராமணன் என்று முழுதும் நம்பியிருந்தபோது சுடுமணலில் திரும்பி நடந்தானே, அதுவே பெரிது. அத்தகைய இரகசியம் எதுவும் வாய்க்காதவன் பிரேம்சந்த் 1936-இல் வெளியிட்ட ‘கோதான்’ நாவலின் ஹோரி. பஞ்சாயத்தார் வாக்கு இறைவன் வாக்கு என்று உண்மையாகவே நம்பும் உழவன் அவன். மகன் கைவிட்டு ஓடிய, கருவுற்ற விதவை ஜுனியா வீடு தேடி வருகிறாள். விரட்டிவிடும் எண்ணத்தோடு உள்ளே வந்த ஹோரி, அவள் காலில் விழுந்ததும் இது உன் வீடு என்று தேற்றுகிறான். பஞ்சாயத்து நூறு ரூபாயும் முப்பது மணங்கு தானியமும் தண்டம் விதிக்கிறது. அவன் தீர்ப்பை எதிர்க்கவில்லை; ஜுனியாவை வெளியேற்றவும் இல்லை. களத்துத் தானியத்தைத் தன் தலையிலேயே சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கிறான். மனைவி தனியா வைகிறாள். இரண்டு விசுவாசங்களுக்கும் ஒரே முதுகு.

கோராவின் கடைசிப் பக்கத்துக்கு வருவோம். அவன் வீடு திரும்பி ஆனந்தமயியின் காலடியில் தலை வைக்கிறான். லச்மியாவைக் கூப்பிட்டு ஒரு குவளை தண்ணீர் கொண்டுவரச் சொல்லும்படி தாயிடம் கேட்கிறான். தாயோ கண்ணீர் மல்க வினயனுக்கு ஆள் அனுப்புவதைப் பற்றிப் பேசுகிறாள், கதை முடிந்துவிடுகிறது. லச்மியா வந்தாளா, குவளையை நீட்டும்போது அவள் கை நடுங்கியதா என்று தாகூர் எழுதவில்லை. தான் வளர்த்த பிள்ளை தன் கைத்தண்ணீரை மறுத்த அத்தனை ஆண்டுகளும் அவள் என்ன நினைத்திருந்தாள் என்றும் அந்நாவலில் யாரும் அவளைக் கேட்பதில்லை.