தெருவின் ஹக்கு: கூஃபா முதல் கெய்ரோ வரை

ஹிஜ்ரி 17-இல் (கி.பி. 638) கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் இராக்கில் கூஃபா நகரை நிர்மாணித்தார்கள். முதன்முதலாக மஸ்ஜிதுக்கே இடம் குறிக்கப்பட்டது. வில்லாளி ஒருவர் அங்கு நின்று நாற்புறமும் அம்பெய்தார். அம்புகள் வீழ்ந்த எல்லைக்கு அப்பால்தான் வீடுகள் எழுந்தன. பெருவீதிகளுக்கு 40 முழம், அடுத்தவற்றுக்கு 30, இடைப்பட்டவற்றுக்கு 20, சந்துகளுக்கு 7 முழம். அதற்குக் குறைதல் கூடாது என்று கலீஃபா அவர்கள் வரையறுத்ததாக இமாம் தபரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

7 முழம் என்பது கலீஃபா அவர்கள் தாமாகக் கண்ட அளவன்று. பாதையின் அகலத்தில் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடவேண்டும் என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரீ ஷரீஃபில் காண்கிறோம்.

இவ்வாறு தொடங்கிய சமுதாயத்தின் நகரங்கள் பிற்காலத்தில் வளைந்த சந்துகளும் முட்டுச்சந்துகளுமாக மாறியது எங்ஙனம்? முஸ்லிம்களிடம் தெருச்சட்டமே இல்லை என்று மேனாட்டார் சிலர் எழுதினர். ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியிருந்தால் அவ்வாறு எழுதியிருக்க மாட்டார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், ஸுல்ஹ் பற்றிய பாடத்திலேயே இது விரிவாக உள்ளது. இருபுறமும் திறந்த பாதை அனைவருக்கும் உரியது. நடப்போருக்கு இடையூறான எதையும் அதில் எவரும் செய்யலாகாது. முட்டுச்சந்தோ அதில் வாசல் உள்ளவர்களுக்கே உரியது. அதிலும் ஒவ்வொருவரின் பங்கும் சந்தின் முகப்பிலிருந்து தம் வாசல் வரைதான். ஆகவே பழைய வாசலைவிட உள்ளே தள்ளிப் புதுவாசல் திறக்க விரும்புவோர், அப்பால் குடியிருப்போரின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும்.

சட்டம் இருந்தும் தெருக்கள் சுருங்கின. சுமை ஒட்டகம் செல்லும் ஊரில் வண்டிப்பாதை தேவைப்படவில்லை. வாரிசுகள் மனையைப் பிரிக்கப் பிரிக்க, உள்வீடுகளுக்குச் செல்ல முட்டுச்சந்துகள் பெருகின.

கெய்ரோவைப் பாருங்கள். கி.பி. 969-இல் ஃபாத்திமிகள் அமைத்த அந்நகரில், இரு அரண்மனைகளுக்கு நடுவே பரந்த திடல் ஒன்றிருந்தது. அதன் பெயரே ‘பைனல் கஸ்ரைன்’. அவர்களின் ஆட்சி 1171-இல் முடிந்தபின் அரண்மனைகள் கூறுபட்டன. திடலும் கட்டடங்களால் நிரம்பியது. அங்கே எழுந்தவை கடைகள் மட்டுமல்ல; சுல்தான்கள் காமில், கலாவூன், பர்கூக் ஆகியோர் கட்டிய மதரஸாக்களும்தாம்! நன்மையை நாடிக் கட்டுவோரும் தெருவை நெருக்கக்கூடும் என்பதை மறைத்து எழுத என் பேனா இடந்தரவில்லை.

ஆக்கிரமிப்புகளை அகற்றும் முயற்சிகளும் நடந்தன. சுல்தான் காயித்பாயின் காலத்தில், 1477-78-இல் அமீர் யஷ்பக் தெருக்களில் நீட்டிக் கட்டியவற்றை இடிப்பித்தார். எனினும் அகன்ற தெரு அகன்றே நிற்கவில்லை. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், கிதீவ் இஸ்மாயீலின் ஆட்சியில், அஸ்பகிய்யாவிலிருந்து கோட்டையை நோக்கி முஹம்மது அலீ தெரு நேர்கோடாக வெட்டப்பட்டது. வழியில் இருந்த வீடுகளோடு, அமீர் கவ்ஸூன் 1330 வாக்கில் எழுப்பிய ஜாமிஆ மஸ்ஜிதின் பெரும்பகுதியும் 1873-இல் அத்தெருவுக்காக இடிக்கப்பட்டது.