வயதானால் மூளையின் குருத்தணுக்கள் சோர்ந்துபோவது ஏன்? சுற்றியுள்ள நீரும் ஒரு காரணம்

உங்கள் மூளை இப்போது மிதந்துகொண்டிருக்கிறது. தெரியுமா?

மூளையின் எடை சுமார் 1,400 கிராம். ஆனால் மண்டை ஓட்டுக்குள் இருக்கும் தெளிந்த நீரில் மிதப்பதால் அதன் பாரம் ஏறக்குறைய 50 கிராம்தான். அந்த நீர் இல்லையென்றால் மூளை தன் சொந்த எடையாலேயே நசுங்கும்.

மூளைக்கு மெத்தையாக இருப்பது, கழிவுகளை அப்புறப்படுத்துவது. இவைதான் அந்த நீரின் வேலை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது கடந்த 20 ஆண்டுகளில்தான் தெளிவாகத் தெரியவந்தது.

மூளையில் உள்ள குருத்தணுக்கள் எப்போது ஓய்வெடுக்கவேண்டும், எப்போது வேலையைத் தொடங்கவேண்டும் என்ற தகவலையும் அந்த நீர் கொண்டுசெல்கிறது.

இதை நாம் ஏன் தெரிந்துகொள்ளணும்?

சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியோரில் சுமார் 11 பேரில் ஒருவருக்கு முதுமை மறதிநோய் இருப்பதாக மனநலக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. நம்மில் பலருடைய வீட்டிலும் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம். வயதான மூளையில் என்ன மாறுகிறது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை இந்த நீரில் இருக்கிறது.

*குருத்தணுன்னா என்ன?*

"ஸ்டெம் செல்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுதான் குருத்தணு. வாழைக்குருத்து விரிந்து இலையாகிறது அல்லவா? அதுபோலக் குருத்தணுவும் பிரிந்து, தேவையான வகை அணுக்களாக உருவெடுக்கும்.

வளர்ந்த மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றவே தோன்றாது என்றுதான் நீண்டகாலம் நம்பினார்கள். 1960களில் அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் ஆல்ட்மன், வளர்ந்த எலிகளின் மூளையில் புதிய நரம்பணுக்களைக் கண்டார். அப்போது பலர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

1992இல் கனடாவின் கால்கரியில் பிரென்ட் ரெனல்ட்ஸும் சாமுவேல் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து எடுத்த அணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். அவை பெருகி நரம்பணுக்களை உருவாக்கின. அதன் பிறகுதான் சந்தேகம் குறைந்தது.

சுண்டெலியின் மூளையில் குருத்தணுக்கள் முக்கியமாக 2 இடங்களில் உள்ளன:

- நினைவுகளைப் பதிவுசெய்ய உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதி
- மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் பக்க அறைகளின் சுவர்

நம் கதை அந்த இரண்டாவது இடத்தில்தான் நடக்கிறது.

*நீர் எங்கிருந்து வருது?*

மூளையின் அறைகளுக்குள் கோராய்டு பிளெக்சஸ் என்ற மெல்லிய திசு இருக்கிறது. மூளைத் தண்டுவட நீரின் பெரும்பகுதியை அதுதான் சுரக்கிறது.

நாளொன்றுக்குச் சுரப்பது சுமார் அரை லிட்டர். ஆனால் ஒரு நேரத்தில் உங்கள் தலையிலும் முதுகுத்தண்டிலும் இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர்தான். சின்னக் கோப்பை ஒன்றில் அடங்கிவிடும். அப்படியென்றால் ஒரே நாளில் 3 முறைக்கு மேல் பழைய நீர் போய்ப் புதிய நீர் வருகிறது.

உப்பும் சர்க்கரையும் மட்டுமல்ல, நூற்றுக்கணக்கான புரதங்களும் அதில் கரைந்திருக்கின்றன. அந்தப் புரதங்கள்தான் தகவல் சொல்பவை.

*குருத்தணுவுக்கு அது எப்படித் தெரியும்?*

அறையின் சுவரில் இருக்கும் குருத்தணு நீண்டு ஒல்லியாக இருக்கும். அதன் ஒரு முனை நீரைத் தொடுகிறது. அந்த முனையிலிருந்து ஒரே ஓர் இழை, ஆன்டெனா போல நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மறுமுனை ரத்தக்குழாயைத் தொடுகிறது.

ஆக, ஒரு பக்கம் நீர், மறுபக்கம் ரத்தம். இரண்டிலிருந்தும் அதற்குச் செய்தி வருகிறது.

நீர் 3 விதங்களில் வேலை செய்கிறது.

கரைந்திருக்கும் புரதங்கள்: சில புரதங்கள் குருத்தணுவைத் தட்டி எழுப்பும். சில அதைத் தூங்கவைக்கும். என்டி-3 என்ற புரதம் குருத்தணுக்களை ஓய்வில் வைத்திருக்க உதவுகிறது என்று ஸ்பெயினின் வேலன்சியா ஆய்வாளர்கள் 2014இல் கண்டறிந்தார்கள். தூங்கவைப்பது கெட்ட விஷயமில்லை. எல்லாக் குருத்தணுக்களும் ஒரே நேரத்தில் வேலைசெய்தால் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நீரின் ஓட்டம்: நீரில் என்ன இருக்கிறது என்பது மட்டுமல்ல, அது ஓடுகிறதா என்பதும் முக்கியம். குருத்தணுவின் மேற்பரப்பில் சோடியம் உள்ளே நுழையும் ஒருவகை வாசல் இருக்கிறது. நீர் ஓடி உரசும்போது அந்த வாசல் வழியாகச் சமிக்ஞை போகிறது, அணு பிரிகிறது. அந்த வாசலை நீக்கியபோது குருத்தணுக்கள் பெருகுவது குறைந்தது. ஜெர்மனியில் மக்டலீனா கோட்ஸின் குழு 2018இல் இதை வெளியிட்டது.

போகும் திசை: பிறந்த புதிய நரம்பணுக்கள் சுண்டெலியின் மூளையில் முன்பக்கமாக, வாசனையை உணரும் பகுதிக்குப் பயணம் செய்கின்றன. வழி தெரியணுமே? அறைச் சுவரில் உள்ள நுண்மயிர்கள் அசைந்து நீரை ஒரு திசையில் ஓடவைக்கின்றன. அந்த ஓட்டத்தை ஒட்டியே நரம்பணுக்கள் நகர்கின்றன. நுண்மயிர்கள் சரியாக அசையாத சுண்டெலிகளில் அவை வழி தவறின. இது 2006இல் வெளியான ஆய்வு.

*வயதாகும்போது என்ன ஆகிறது?*

இங்குதான் விஷயம் சூடுபிடிக்கிறது.

சுவிட்சர்லந்தின் பாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபியோனா டோட்ச்சின் குழு, இளம் சுண்டெலிகளின் கோராய்டு பிளெக்சஸ் சுரப்பதையும் முதிய சுண்டெலிகளில் அது சுரப்பதையும் ஒப்பிட்டது. குருத்தணுக்களிடம் இரண்டும் ஒரே விளைவை ஏற்படுத்தவில்லை. வயதான குருத்தணுக்களுக்குப் பிரியும் திறன் போய்விடவில்லை, அவற்றை ஊக்குவிக்கும் சமிக்ஞைதான் குறைந்துவிட்டது என்று 2016இல் அந்தக் குழு விளக்கியது.

அப்படியென்றால் நீரை மாற்றிப் பார்த்தால்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் டால் இராமும் டோனி வைஸ்-கோரேயும் அதைத்தான் செய்தார்கள். ஒரு சுண்டெலியிடமிருந்து கிடைக்கும் மூளை நீர் ஒரு சொட்டுகூட வராது. அதைப் பொறுமையாகச் சேகரித்து, முதிய சுண்டெலிகளின் மூளைக்குள் ஒரு வாரம் செலுத்தினார்கள்.

அந்தச் சுண்டெலிகள் ஏற்கெனவே ஓர் ஒலியையும் ஒளியையும் காலில் படும் மின்னதிர்ச்சியோடு தொடர்புபடுத்தப் பழகியிருந்தன. சில வாரங்கள் கழித்து அதே ஒலியும் ஒளியும் வந்தபோது, இளம் நீர் பெற்றவை அதை நன்றாக நினைவில் வைத்திருந்தன.

காரணம்? நரம்பு இழைகளுக்கு உறைபோடும் அணுக்களை உருவாக்கும் முன்னோடி அணுக்கள் பெருகியிருந்தன. மின்கம்பிக்கு மேலுறை எப்படியோ, நரம்புக்கு அந்த உறை அப்படி. இளம் நீரில் அதிகமாகவும் முதிய நீரில் குறைவாகவும் இருந்த எஃப்ஜிஎஃப்17 என்ற புரதத்தை மட்டும் கொடுத்தபோதும் முதிய சுண்டெலிகளின் நினைவாற்றல் மேம்பட்டது. ஆய்வு 2022 மே மாதம் நேச்சர் சஞ்சிகையில் வெளியானது.

*அப்போ நமக்கும் இது வேலைசெய்யுமா?*

கொஞ்சம் பொறுங்க. மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் சுண்டெலிகளில் கண்டவை.

வளர்ந்த மனிதர்களின் மூளையில் புதிய நரம்பணுக்கள் எவ்வளவு உருவாகின்றன என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. 2018இல் சில வாரங்களுக்குள் வெளியான 2 ஆய்வுகளில் ஒன்று "பெரியவர்களிடம் அதற்கான அடையாளமே இல்லை" என்றது. மற்றொன்று "முதுமை வரை உருவாகின்றன" என்றது. 2025இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா கழகம், பெரியவர்களின் ஹிப்போகேம்பஸில் பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடி அணுக்களைக் கண்டதாக அறிவித்தது. ஆனால் ஆளுக்கு ஆள் எண்ணிக்கை பெரிதும் வேறுபட்டது.

இன்னொரு விஷயம். மூளை நீரை எடுப்பது, செலுத்துவது எல்லாம் ரத்தப் பரிசோதனை மாதிரி சாதாரணமானது அல்ல. அதனால்தான் ஆய்வாளர்கள் நீரை விட்டுவிட்டு, அதில் வேலைசெய்யும் புரதத்தைத் தேடுகிறார்கள்.

ஆனால் வியாபாரம் அறிவியலுக்காகக் காத்திருப்பதில்லை. இளம் ரத்தம் முதிய எலிகளுக்கு நன்மை தருகிறது என்ற ஆய்வுகள் வெளிவந்த பிறகு, அமெரிக்காவில் சிலர் இளையர்களின் ரத்த பிளாஸ்மாவைக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். அது எந்த நோய்க்கும் பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை, ஆபத்தும் இருக்கிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 பிப்ரவரியில் எச்சரித்தது.

ஆகவே, "குருத்தணு சிகிச்சை, மூளை இளமையாகிவிடும்" என்று யாராவது உங்கள் பாட்டிக்காக வீட்டில் பேச்சை எடுத்தால், 2 கேள்விகள் கேளுங்கள்.

மனிதர்களிடம் சோதித்தார்களா? அதன் முடிவு எங்கே வெளியானது?

தெளிவான பதில் வரவில்லையா? பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டியை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.