ஆழிக்குமரன் ஆனந்தன்

ஆழி என்னுஞ் சொல்லுக்குக் கடல் என்றும் பொருளுண்டு. சக்கரம் என்றும் பொருளுண்டு. வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவரும் 1943 ஆம் ஆண்டு பிறந்தவருமான வி. எஸ். குமார் ஆனந்தனை ஆழிக்குமரன் என்று தமிழர் அழைத்தபோது கடலையே கருதினர். மற்றைப் பொருளும் அவருக்குப் பொருந்தியது என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல் கட்டிய ஊர். அங்கு கட்டப்பெற்ற அன்னபூரணி என்னுங் கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை சென்றடைந்தது. அவ்வூரவர்க்குப் பாக்கு நீரிணை வீட்டு முற்றம் போன்றது. எனினும், மரக்கலத்தால் கடப்பது வேறு. மார்பினால் கடப்பது வேறு. 1954 இல் நவரத்தினசாமி அந்நீரிணையை நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். ஆனந்தன் அவ்வளவில் அமையவில்லை. 1971 மார்ச் மாதத்தில் கோடிக்கரை வரை நீந்திச் சென்று, அங்கிருந்து மீண்டும் நீந்தியே ஊர் திரும்பினார். எடுத்த நேரம் 51 மணி. வாடை ஓய்ந்து சோழகம் எழுமுன் கடல் அடங்கியிருக்கும் காலம் அது. ஆயினும் நீரோட்டத்துக்கு ஏது ஓய்வு? கோடிக்கரை மணலிற் கால் பதிந்த பின், அதே நீரில் மறுபடி இறங்கினாரே, அச்சாதனையின் உயிர்நிலை அதுவே என்பேன்.

இனி, சக்கரத்துக்கு வருவோம். 1979 மே மாதம் 2 ஆம் நாள் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவிலே துவிச்சக்கர வண்டியில் ஏறியவர், 10 ஆம் நாள் வரை அதனைச் சுற்றிக்கொண்டேயிருந்தார். 187 மணி 28 நிமிடம்! கின்னஸ் நூல் அதனைப் பதிவு செய்தது.

இதனைப் பந்தயம் எனலாமா என்று வினவுவோர் உளர். ஜேர்மனியரான ஈகோன் முல்லர் 1983 இல் நோர்டன் நகரில் ஸ்பீட்வே உலக வாகை சூடினார். அவ்விளையாட்டிலே பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்களில் நால்வர் மண்பாதையை நான்கு முறை சுற்றுவர். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் யாவும் முடிந்துவிடும். அவரும் வட்டத்திலேயே ஓடினார். இவரும் வட்டத்திலேயே ஓடினார். முல்லரை எதிர்த்தவர் மூவர். ஆனந்தனை எதிர்த்தது உறக்கம் ஒன்றே. ஒரு நிமிடப் போட்டியிலே அது தலைகாட்டாது. மூன்றாம் இரவில் அதனினும் கொடிய பகை வேறில்லை.

ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றதும் அவர் சாதனைகளுள் ஒன்று. அதனை வெறும் வேடிக்கை என்பாரை நான் குறை கூறேன்.

அவர் மனம் மறுபடியும் கடலையே நாடியது. ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய அகலம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். பாக்கு நீரிணையைப் போய்மீண்ட தோள்களுக்கு அத்தொலைவு பெரிதன்று. ஆனால் நம் கடல் வெதுவெதுப்பானது. கால்வாயின் நீரோ கோடையிலும் 18 பாகை செல்சியஸைத் தாண்டுவது அரிது. அங்கு நீந்துவோர் அலையோடு மட்டுமன்றிக் குளிரோடும் பொருதவேண்டும். 1984 ஆகஸ்ட் 6 ஆம் நாள், அக்கால்வாயைக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41.