பி.எஸ்.ஏ: வேறொரு வேலைக்கு வந்த பரிசோதனை

1970இல் அமெரிக்க ஆய்வாளர் றிச்சர்ட் ஏப்ளின், புரொஸ்டேட் சுரப்பிக்கே உரிய அன்டிஜன் ஒன்றைப் பற்றி எழுதினார். கவனியுங்கோ: சுரப்பிக்கு உரியது, புற்றுநோய்க்கு உரியதல்ல. வயதோட சுரப்பி பெருத்தாலும், கிருமித்தொற்று வந்தாலும், இரத்தத்தில் பி.எஸ்.ஏ அளவு கூடும்.

1986இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது, ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களைக் கண்காணிக்கத்தான். ஆனா கொஞ்சக் காலத்திலேயே, ஒரு வருத்தமும் இல்லாத ஆண்களுக்கும் இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1994இல் அதற்கும் அனுமதி வந்தது. அளவு 4 நானோகிராமுக்கு மேலே போனால் ஊசியால் சதைத்துண்டு எடுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. இது உயிரைக் காக்குமா எண்டு பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வந்ததோ 2009இல்!

அமெரிக்க ஆய்வில் மரணம் குறையவில்லை. ஆனால் பரிசோதனை செய்யாமல் ஒப்பிட வைத்திருந்த குழுவிலேயே பலர் வெளியில் போய்ச் செய்துகொண்டார்கள்; பிறகு எதை எதோடு ஒப்பிடுறது? ஐரோப்பிய ஆய்வில் இந்த நோயால் வரும் மரணம் 20 வீதம் குறைந்தது. அது சின்ன விசயமில்லை. ஆனால் ஒரு மரணத்தைத் தடுக்க 1410 பேரைப் பரிசோதித்து, மேலதிகமாக 48 பேருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டியிருந்தது. மிச்ச 47 பேர்? இந்த நோய் பெரும்பாலும் மெதுவாக வளர்வது. அவர்களில் பலர் அது இருக்கிறது தெரியாமலே வயதாகி, வேறு காரணத்தால் இறந்திருப்பார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சலம் கட்டுப்படாமல் போவதும், தாம்பத்தியம் பாதிக்கப்படுவதும் அவர்களுக்குத்தான். (எங்கட வீடுகளில் இதை ஆர் வாய் திறந்து கதைக்கினம்?)

2010இல் ஏப்ளினே நியூயோர்க் டைம்ஸில் இந்தப் பரவலான பரிசோதனையைக் கடுமையாகச் சாடினார். 2012இல் அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு, அறிகுறி இல்லாத எவருக்கும் வேண்டாம் எண்டது. அது மற்றப் பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்த முடிவு என்றே நாங்கள் நினைக்கிறோம். பிழை இரத்தத்தைச் சோதித்ததில் மட்டுமில்லை, கண்டவுடனே கத்தியைத் தூக்கியதிலும் இருந்தது. 2016இல் வந்த பிரித்தானிய ஆய்வில், ஆரம்ப நிலை நோயாளிகள் சத்திரசிகிச்சை செய்தாலும், கதிர்ச்சிகிச்சை பெற்றாலும், வெறுமனே தொடர்ந்து கண்காணிக்கப்பட்டாலும், பத்து ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 1 வீதம்தான். ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது கூடுதலான பேருக்கு, அதையும் மறைக்கேலாது.

2018இல் பணிக்குழு தன் நிலையை மாற்றியது. 70க்கு மேல் வேண்டாம். 55 முதல் 69 வரை, வைத்தியரோட கதைத்து அவரவரே முடிவெடுக்கலாம்.